பத்து ரூபாய்க் காசும் படாளம் கூட்டுரோடும்: கள்ள நாணயம் அறிதல் பற்றி ஓர் ஆய்வு

கள்ள நாணயத்தை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்க நான்கு கருவிகள் போதும் என்பது இத்துறையில் நெடுநாளாக நிலவும் கொள்கை: நகை நிறுக்கும் சின்னத் தராசு, பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், காசைப் போட்டு ஓசை கேட்க ஒரு சிமெண்டுத் தரை. செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள படாளம் கூட்டுரோட்டை ஆய்வுக்களமாகக் கொண்டால் இக்கொள்கை நிற்காது. காசு எதனால் ஆனது என்பதை வேண்டுமானால் இந்த நான்கும் சொல்லும். அது நல்ல காசா கள்ளக் காசா என்று தீர்ப்பளிப்பது ஐந்தாவது கருவி: கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் முகம். அதை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதே இம்முறையின் ஒரே குறை.

முதன்மைச் சான்று பத்து ரூபாய் நாணயம். எடை 7.71 கிராம், விட்டம் 27 மில்லிமீட்டர், வெளிவளையம் பொன்னிறம், நடுவட்டம் வெள்ளிநிறம். ரூபாய்க் குறி வருவதற்கு முன் அடித்தவற்றில் 15 கதிர்க்கோடுகள். 2011 முதல் குறியோடு வந்தவற்றில் 10. இந்த ஐந்து கோடு வித்தியாசத்திலிருந்துதான் ஒரு பெரும் ஆராய்ச்சி மரபு கிளைத்தது. பத்துக் கோடு நல்லது, பதினைந்து கள்ளம் என்றது ஒரு பள்ளி; எதற்கு வம்பு, இரண்டுமே வேண்டாம் என்றது இன்னொரு பள்ளி. கண்டக்டர், பூக்காரம்மா, டீ மாஸ்டர் எனப் பலரும் பின்பற்றியது இரண்டாவதை. 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி, இதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. சந்தேகம் தீர 14440 என்ற எண்ணையும் கொடுத்தது. சங்க காலத்தில் காசு நோட்டம் பார்த்தவனுக்கு வண்ணக்கன் என்று பெயர்; வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒரு புலவரே உண்டு. அன்று ஊருக்குச் சிலர் செய்த தொழில், இன்று பேருந்துக்கு ஒருவர் செய்வது. கருவி எதுவும் கேட்காமல் கோட்டை மட்டும் எண்ணி முடிவுக்கு வரும் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோடு எண்ணுவது மூடத்தனம், காந்தமே அறிவியல் என்று படித்தவர்கள் மறுக்கக்கூடும். காந்தத்தை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் ரூபாய் ஒட்டாது. ஐந்து ரூபாயோ முதலில் செம்பு-நிக்கலில் 9 கிராம், 2007-இல் எஃகில் 6 கிராம், பிறகு நிக்கல் பித்தளை. மூன்றையும் அடித்தது அரசு நாணயச்சாலைதான். ஒட்டினால் கள்ளம் என்றாலும் ஒட்டாவிட்டால் கள்ளம் என்றாலும், உண்டியலில் பாதியைக் கள்ளக் காசாக்கிவிடும் இந்தக் காந்தம். படாளத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டுவருவோருக்கு இது எளிதில் விளங்கும்: எடைமேடையில் எத்தனை டன் நின்றாலும் சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்பது தனிக் கணக்கு. காசின் கட்டுமானமோ எந்த எடைமேடையிலும் தெரியாது.

கள்ளக் காசே இல்லையா, 2016-இல் டெல்லியில் பட்டறையே பிடிபட்டதே என்பது வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் கள்ளம் இருப்பதால்தான் மக்கள் மறுக்கிறார்கள் என்றால் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே புழக்கத்திலிருந்த வட்ட ஒரு பவுண்டுக் காசுகளில் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று கள்ளம் என்று ராயல் மின்ட்டே கணக்குச் சொன்னது. 2017-இல் பன்னிரண்டு பக்கக் காசு வரும்வரை சனங்கள் அதையும் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே கள்ளம் செல்லுபடியாயிற்று. இங்கே நல்லது செல்லாக்காசாயிற்று. இரண்டிலும் உலோகத்தை யாரும் கேட்கவில்லை. அடுத்தவர் வாங்குவாரா என்பதே கேள்வி. டீக்கடைக்காரர் காசைத் திருப்பித் தருவது அது கள்ளம் என்று நம்புவதால் அல்ல. பால்காரர் அப்படி நம்புவார் என்று நம்புவதால். பால்காரரைக் கேட்டால் அவர் தீவனக்கடையைக் கை காட்டுவார்.

சட்டம் இருக்கிறதே என்பது கடைசி ஆட்சேபம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான காசுகள் 1,000 ரூபாய் வரை செல்லும். பத்து ரூபாயில் சொன்னால் நூறு காசு, முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். 2022-இல் அரூர்க்காரர் ஒருவர் சேலத்தில் ஆறு லட்ச ரூபாய்க்குப் பத்து ரூபாய்க் காசுகளைக் கொடுத்துக் கார் வாங்கியது செய்தியானது. தாயாரின் கடையில் சேர்ந்த காசை யாரும் வாங்காததே காரணம். முழுத்தொகையும் காசாக இருந்தால் 60,000 நாணயம், 462.6 கிலோ. சட்டப்படி மறுத்திருக்கக்கூடிய கார்க்கடை வாங்கிக்கொண்டது. சட்டப்படி வாங்க வேண்டியவர்கள் ஒவ்வொன்றாக மறுத்த காசு அது.

2019-இல் அறிவித்த இருபது ரூபாய்க் காசுக்கும் விட்டம் அதே 27 மில்லிமீட்டர். ஆகவே ஸ்கேல் இங்கே உதவாது. கதிர்க்கோடு கிடையாது, பன்னிரண்டு பக்கம் உண்டு. படாளம் கூட்டுரோட்டில் அதை யாராவது திருப்பித் திருப்பிப் பார்த்தால், பக்கங்களை எண்ணுகிறார் என்று கொள்க.