எட்டு வித்தையும் ஓர் எலுமிச்சம்பழமும்

என் அக்கா மகன் ஓசூரில் தூங்கி, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறவன். இரண்டுக்கும் நடுவே அத்திப்பள்ளி நெரிசலில் கிடைக்கும் தாராளமான ஓய்வில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறான். விளையாட்டில் மந்திரவாதிகள் உண்டு. அவர்கள் படித்துவிட்டு வரப் பள்ளிகள் வேண்டுமாம், அதுவும் எட்டு. 1974இல் அமெரிக்காவில் பிறந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் மந்திரத்தை எட்டுத் துறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதையே கொஞ்சம் பெயர் மாற்றிப் போட்டுக்கொள்வதாக உத்தேசம்.

“எட்டுக்காக அமெரிக்கா போகணுமாடா? நம்ம அஷ்டகர்மம் இருக்கே?” என்றேன்.

“கேரளாவுல எண்ணெய் தேய்ச்சு விடுவாங்களே, அதுவா மாமா?”

அது பஞ்சகர்மம். நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் தலைமுறைக்கு எதைச் சொன்னாலும் முதுகுவலிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அஷ்டகர்மம் என்பது தமிழ் மாந்திரீகத்தின் பாடத்திட்டம். வசியம், மோகனம், ஆகர்ஷணம், தம்பனம், பேதனம், வித்வேஷணம், உச்சாடனம், மாரணம். அதாவது வசப்படுத்துவது, மயக்குவது, இழுத்து வருவது, அசையாமல் நிறுத்துவது, பிரிப்பது, பகை மூட்டுவது, விரட்டுவது, கடைசியாக ஆளையே முடிப்பது. கருவூரார், புலிப்பாணி என்று சித்தர் பெயர்களில் வழங்கும் நூல்கள் இந்த எட்டைத்தான் கட்டிக்கொண்டு அழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள் வேறு. வசியத்தில் மட்டும் ராஜ வசியம், சத்துரு வசியம், மிருக வசியம் என்று போகும். ராஜ வசியத்துக்கு இன்று ‘ஒற்றைச் சாளர முறை’ என்று பெயர்.

எட்டில் ஒன்றாவது பொதுநலத்துக்கு உண்டா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. வடமொழிக்காரர்கள் பட்டியலில் ஆறுதான் என்றாலும், நோய் தீர்க்கிற ‘சாந்தி’யை முதலில் வைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் பட்டியலில் அந்தப் பேச்சே கிடையாது.

பையனுக்குப் பாடம் நடத்த உதாரணம் தேடி ஊரைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. ஆகர்ஷணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பதை இருந்த இடத்திலிருந்தே இழுப்பது. 1971இல் பிறந்த சிப்காட் எங்கள் ஓசூரில் வேறென்ன செய்தது? பெங்களூரின் குளிர், பெங்களூரின் உயரம், பெங்களூருக்கு 40 கிலோமீட்டர், ஆனால் நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையது. இந்த மூலமந்திரத்தைச் சொன்னதும் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது, டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் ஆரம்பித்த டைட்டன் வந்தது. ராகி விளைந்த மண்ணில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் விளைந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திரா, ஜிகணி என்று எதிர்மந்திரம் போட்டார்கள். அதற்கும் ஆள்கள் போனார்கள். போனவர்கள் எல்லாரும் ஓசூரில் வாடகைக்கு வீடு பிடித்ததுதான் எந்த நூலிலும் இல்லாத பக்கவிளைவு.

தம்பனம் எங்கள் சிறப்புப் பாடம். நீரை நிறுத்தலாம், நெருப்பை நிறுத்தலாம், ஓங்கிய ஆயுதத்தை நிறுத்தலாம் என்று நூல்கள் வகைப்படுத்துகின்றன. வாகனத் தம்பனம் அந்த வரிசையில் இல்லை. பாடியவர்கள் பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைப் பார்த்ததில்லை, பாவம். காவிரி விவகாரம் சூடேறும் நாள்களில் இன்னும் விசேஷம். நம் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி அத்திப்பள்ளி வரை நடந்துபோய் வேறு பஸ் பிடிப்பார்கள். வித்வேஷணம் செய்வது யாரோ, தம்பனத்தில் நிற்பது நாம்.

உச்சாடனத்துக்கு எந்தத் தொழிற்சாலையிலும் தனி இலாகா உண்டு. வி.ஆர்.எஸ். என்பது அதன் மூன்றெழுத்து பீஜாட்சரம். மாரணத்தை விட்டுவிடுகிறேன். அது தலைமை அலுவலகத்தில் செய்வது.

தொல்காப்பியர் யாப்பை ஏழு வகையாகப் பிரித்தபோது மந்திரத்தையும் அங்கதத்தையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். டவுன் பஸ்ஸில் ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கும் மாந்திரீக நோட்டீசைப் படித்தால் அவர் தீர்க்கதரிசி என்று தெரியும். பிரிந்த கணவன், வராத கடன், நிற்காத குடி எல்லாவற்றுக்கும் ஒரே செல்போன் எண். நோட்டீசுக்காரர் எந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும் ‘மலையாள’ என்று அடைமொழி போட்டுக்கொள்வார். எங்கள் வட்டாரத்தில் அதற்கு ஒரு போட்டி பிராண்டும் உண்டு: கொள்ளேகால். மாந்திரீகத்துக்குப் பேர்போன ஊர் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் சொல்வார்கள். அது ஒரு காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூர் பக்கம் போனது. தெலுங்கும் கன்னடமும் சரளமாகப் பேசும் ஓசூர் சென்னை மாநிலத்தோடு தங்கிவிட்டது. பிற்பாடு கர்நாடகமான அந்த மைசூர் மாநிலம்தான் 2017இல் பில்லி சூனியத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றி, 2020 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. ஊரை வாங்கினவர்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது. கொடுத்துவிட்ட நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே விவரமான மந்திரவாதிக்கு ஜூஜூவாடி நல்ல இடம் என்று நினைக்க வேண்டாம். மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செக்போஸ்ட் கிடையாது.

இனி விதிமுறைகள். மகீதரர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் காசியில் எழுதிய ‘மந்திர மகோததி’ ஒவ்வொரு கர்மத்துக்கும் தனித் தெய்வம், தனித் திசை, தனி ஆசனம், தனி ஜபமாலை, தனிச் சமித்து என்று விதிக்கிறது. முடிவுச் சொல்கூட வேறு வேறு. ‘நம’ என்று முடித்தால் சாந்தி, ‘பட்’ என்று முடித்தால் மாரணம். நாக்கு குழறுகிறவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. நேரமும் முக்கியம். ஒரு நாளின் 60 நாழிகையைப் பத்துப் பத்தாக வெட்டி ஆறு பருவமாக்கி, இந்தப் பருவத்தில் இந்த வேலை என்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு ஷிப்ட். சிப்காட்டிலேயே மூன்றுதான்.

இத்தனை நிபந்தனை எதற்கு என்று மருமகன் கேட்டான். மென்பொருள்காரனுக்கு விளங்காது. தரக்கட்டுப்பாட்டில் காலம் தள்ளினவனுக்குப் பார்த்ததும் விளங்கும். நிபந்தனைகள் மந்திரம் பலிப்பதற்காக இல்லை, பலிக்காதபோது ரிப்போர்ட் எழுதுவதற்காக. எங்கள் தொழிலில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் மீன்முள் படம் போடுவோம். ஜப்பானின் இஷிகாவா தந்த கொடை. ஆள், மெஷின், மெட்டீரியல், முறை என்று முள்கள் நீட்டி, எந்த முள்ளில் குற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாந்திரீகத்தில் முள்கள் இன்னும் அதிகம். திசை தப்பியிருக்கும், தகடு கலப்படமாக இருக்கும், செய்தவனுக்கு விரதம் போதாமல் இருக்கும். மந்திரத்தின் மேல் மட்டும் கடைசிவரை பழி விழாது. டிராயிங் தப்பு என்று எந்த டிசைன் இலாகாவாவது ஒப்புக்கொண்டதுண்டா?

பையன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் ஒரு குண்டைப் போட்டான். “மாமா, உங்க எட்டுலயும் டிஃபென்ஸே இல்லையே. ஆட்டம் எப்படி ஓடும்?”

நியாயமான கேள்வி. அமெரிக்கப் பட்டியலில் அகர வரிசைப்படி முதல் பள்ளியே காப்பு மந்திரம்தான். நம் எட்டு மொத்தமும் தாக்குதல். யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது: காப்பை நம் ஊரில் யாரும் பள்ளிக்குப் போய்ப் படிப்பதில்லை. உப்பு, மிளகாய், எலுமிச்சை, பூசணிக்காய். ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் குங்குமத்தோடு உடைந்து கிடக்கும் பூசணி இந்த ஊரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறதோ தெரியாது, டூவீலர்காரர்களிடமிருந்து பூசணியைக் காப்பாற்ற யாருமில்லை. இதில் ஆளுக்கு ஒரு மொழி வேறு. என் தெருவில் தெலுங்கில் திருஷ்டி கழித்து, கன்னடத்தில் திட்டி, தமிழில் கதவைச் சாத்துகிற பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் கிழக்கா மேற்கா என்று பார்ப்பதில்லை. நடு விரலில் நெட்டி முறிந்தால் சரி.

நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைத் தூக்கிப் போடுகிற அதே ஆள்கள் கட்டியதுதான். ஒரு தடவை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டர் வந்தார். எலுமிச்சையைக் காட்டி என்னவென்று கேட்டார். சூப்பர்வைசர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ் சார்.”

எத்தனை நாளைக்கு ஒரு முறை? வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை. பதிவேடு? அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். மாற்றுவது தப்பில்லை, மாற்றியதற்கு ரெக்கார்டு இல்லாததுதான் தப்பு என்று ஆடிட்டர் எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரம் செக்‌ஷீட்டில் புதிய வரி ஏறியது: ‘எலுமிச்சை மாற்றுதல்’. பக்கத்தில் ஆபரேட்டர் கையெழுத்து, சூப்பர்வைசர் கையெழுத்து.

வரி ஏறிவிட்டால் ஸ்டோர்ஸ் வரும், ஸ்டோர்ஸ் வந்தால் பர்ச்சேஸ் வரும். வெயில் காலத்தில் எலுமிச்சை விலை ஏறியதும் பர்ச்சேஸ் மேனேஜர் மூன்று கொட்டேஷன் கேட்டார். மூன்றும் அதிகம். தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து வரும் பூசாரியிடம், நார்த்தங்காய் போதுமா என்று தொழில்நுட்பக் கருத்துக் கேட்டோம்.

“கட்டுங்க சாமி, அதுவும் புளிப்புதான். ஆனா மெஷின் நின்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அதை அப்படியே டீவியேஷன் படிவத்தில் எழுதி அவர் கைநாட்டு வாங்கிக் கோப்பில் வைத்தோம். மழைக்காலத்தில் ஒரு மெஷின் நின்றது. டெலிவரி தாமதம். வாடிக்கையாளர் மூலகாரணம் கேட்டார். மீன்முள் படம் போட்டு, மெட்டீரியல் என்ற முள்ளில் ‘அங்கீகரிக்கப்பட்ட பொருளுக்குப் பதில் மாற்றுப் பொருள்’ என்று எழுதி அனுப்பினார் எங்கள் மேனேஜர். இரண்டே நாளில் ஈமெயில் வந்தது: காரணம் ஏற்கப்பட்டது, பழைய சப்ளையருக்கே திரும்பவும்.