என்ன வேண்டுதலுங்?

குண்டடத்தில் மலை கிடையாது. ஊரிலேயே உயரமான இடம் எது என்று ஓட்டக் குழுவில் ஒருநாள் வாக்குவாதம் வந்தது. உப்பாறு அணைக் கரை என்றார் பள்ளிக்கூட ஆசிரியர். செல்போன் டவர் என்றார் கோழிப்பண்ணைக்காரர். காற்றாலைக் கம்பெனி டெக்னீசியன் மட்டும் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்காக ஏறுகிற உயரத்திலிருந்து பார்த்தால் அணையும் டவரும் ஒரே மட்டம்.

இப்படி ஒரு ஊரில் பிறந்து, நாற்பத்தாறு வயதில் மலையோட்டக்காரர் ஆகிக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான் அவர். நடந்ததையெல்லாம் 'நான்', 'எனக்கு' என்று எழுதினால் வீட்டில் தலைநிமிர்ந்து சோறு தின்ன முடியாது. ஆகவே இனி அவர் 'கட்டுரைக்காரர்'. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். காலை ஏழரைக்கு கம்பெனி பஸ். அதற்கு முன்னால் ஓட வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு எழ வேண்டும். எழுந்தார்.

குழு கூடுவது வடுகநாதர் கோயில் பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோயிலின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது, பின்னால் தேவைப்படும். மிளகு மூட்டைகளோடு வந்த வியாபாரி ஒருவர் இங்கே இராத்தங்கினாராம். முதியவர் ஒருவர் வந்து கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனமில்லாமல், "மூட்டையில் இருப்பது பயறு" என்று வியாபாரி சொல்லிவிட்டார். பிறகு அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் பயறு. வந்தவர் பைரவர் என்று தெரிந்து, அழுது மன்றாடி, மறுபடி மிளகாக வாங்கிக்கொண்டு போனார். குண்டடத்துக்காரர்கள் அதனால் பொய்யே சொல்வதில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூட்டையில் இருக்கிற சரக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள்.

கட்டுரைக்காரரைக் கெடுத்தது ஒரு வீடியோ. இங்கிலாந்தில், சேற்றுமலை ஒன்றில், அரைக்கால் சட்டை போட்ட கிழவர்கள் மழையில் உருண்டு புரண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டின் வடக்கே மரமில்லாமல் புல் மட்டும் முளைத்த, ஆடு மேய்கிற மலைமேடுகளை 'ஃபெல்' என்கிறார்கள். வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். அதில் ஏறி இறங்குகிற பந்தயம்தான் ஃபெல் ரன்னிங். பல பந்தயங்களில் வழிகூடக் குறித்திருக்க மாட்டார்கள். சொன்ன உச்சிகளைத் தொட்டுவிட்டு வந்தால் போதும். மழைச்சட்டை, விசில், வரைபடம், திசைகாட்டி, தின்பதற்கு ஏதாவது என்று பையைச் சோதித்த பிறகே ஆளை விடுவார்கள். பந்தயத்துக்குத் தரமும் உண்டு. கிலோமீட்டருக்குச் சராசரி 50 மீட்டர் ஏறினால் 'ஏ', 25 என்றால் 'பி', 20 என்றால் 'சி'. கட்டுரைக்காரர் உடனே தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அன்று காலை ஓடியது 8 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 11 மீட்டர். அதில் பாதி வேகத்தடை.

ஆனால் அந்த விளையாட்டின் பெரிய மனிதர்களைப் படிக்கப் படிக்க அவருக்குத் தைரியம் வந்தது. 1895-ல் பென் நெவிஸ் மலையில், 1,345 மீட்டர் உயரத்தை, கீழிருந்து ஏறி இறங்க 2 மணி 41 நிமிடம் எடுத்து முதன்முதலில் நேரக்கணக்கு எழுதிவைத்த வில்லியம் ஸ்வான், முடிவெட்டுகிற தொழில் செய்தவர். 1932-ல் 42 மலையுச்சிகளை 24 மணி நேரத்துக்குள் சுற்றிவந்த பாப் கிரஹாம், கெஸ்விக் ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர். ஜாஸ் நெய்லர் ஆடு வளர்த்தவர். 1960-ல் முதல் பந்தயத்துக்கு வேலை பார்க்கிற பூட்ஸோடு வந்து நின்றவர், 1975-ல் ஒரே நாளில் 72 உச்சிகளைத் தொட்டார். 2024-ல் காலமானார். சலூன்காரர், லாட்ஜுக்காரர், ஆட்டுக்காரர். மூன்று பேரையும் கொண்டுவந்து குண்டடம் சந்தையில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்றாமவரிடம் மட்டும் உருப்படி என்ன விலை என்று கேட்பார்கள்.

ஆடு மேய்கிற மேட்டுக்கு நமக்கும் ஒரு சொல் இருக்கிறது. கொறங்காடு. காங்கயம், தாராபுரம் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மலையில்லை என்பதைத் தவிர ஃபெல்லுக்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. கட்டுரைக்காரரின் அப்புச்சி எழுபது வயது வரைக்கும் வேலி தாண்டிப் போன கிடாய்க்குப் பின்னால் கொறங்காட்டில் ஓடியவர். காலில் டயர் செருப்பு. ஓடி முடித்ததும் அவருக்கு யாரும் மெடல் போட்டதில்லை. கிடாய் கிடைத்தது.

அங்கேதான் சிக்கலே. அப்புச்சி ஓடியதற்குக் காரணம் இருந்தது. கட்டுரைக்காரருக்கு என்ன காரணம்? முதல் வாரமே டிவிஎஸ் எக்ஸெல்லில் பால்கேனோடு வந்தவர் வண்டியை ஓரங்கட்டி, "ஏனுங், பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறிக்கங்க, கொண்டுபோய் உடறேன்" என்றார். சும்மா ஓடுகிறேன் என்றதும் அவர் முகத்தில் வந்த வருத்தத்தைக் கட்டுரைக்காரர் இன்னும் மறக்கவில்லை. குழுவில் ஊருக்குப் புரிகிற மாதிரி ஓடுகிறவன் ஒரே ஒரு பையன். காவலர் தேர்வுக்குத் தயாராகிறான், 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அவன் போனால் டீக்கடையில் வழிவிடுவார்கள். பின்னால் வருகிற மற்றவர்களை அவனைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

மலை இல்லாத ஊரில் மலைக்குப் பயிற்சி எடுப்பது எப்படி? உப்பாறு அணைக் கரையில். அணையில் தண்ணீர் 24 அடி வரை நிற்கலாம். நின்ற வருடங்களை விரல்விட்டு எண்ணலாம். பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று விவசாயிகள் அந்தக் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, கட்டுரைக்காரர் அதே கரையில் இருபது முறை ஏறி இருபது முறை இறங்கினார். ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சர்வேங்களா?" என்றார்.

அணை போதாத நாளுக்கு ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிற கதவு. ஆனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நுழைந்து நேரே வந்து சேருவது நம் காடுகரைகளில். அதனால்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள். அந்த மாதங்களில் மேற்கே பார்த்து ஓடுகிறவருக்குத் தரையே செங்குத்து. அம்மியே பறக்கும் காற்று என்பார்கள். கட்டுரைக்காரரின் எடை அம்மியைவிடக் கூடுதல், பறக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். காற்றாலைகளும் மேற்கே பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

குழுவில் ஒரு கட்டிங் மாஸ்டர் உண்டு. பந்தயத்துக்குப் போனால் இவரை வைத்துக்கொண்டு கிளம்பும் கோட்டில் நிற்க முடியாது. பந்தயக்காரர்கள் கொடுக்கிற டீ-சர்ட்டை வாங்கியதும் மற்றவர்கள் அளவு சரியா என்று பார்ப்பார்கள். இவர் கீழ்மடிப்பைத் திருப்புவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்து ஒரு தேய். "நூத்தி முப்பது ஜிஎஸ்எம், பாலியெஸ்டர்." தையலை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். "பேட்லாக் தள்ளிப்போயிருக்குது பாருங்க. செக்கிங்ல என்ன பண்ணுனாங்க?" பருத்தி பனியனை ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர்க்காரர்களுக்குப் பாலியெஸ்டரை மாட்டிவிடுகிறார்களே என்பது அவர் நிரந்தரக் கவலை. இதற்கு மேல், எண் அட்டையைக் குத்த நான்கு ஊக்கு கொடுப்பார்கள். துணியில் ஓட்டை போடுவதா? ஓட்டை விழுந்தால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ் அல்லவா? பந்தயம் தொடங்கி மற்றவர்கள் போய்விட்ட பிறகும் அவர் அட்டையைப் பேண்டில் குத்திக்கொண்டிருப்பார்.

முதல் உண்மையான மலை, சிவன்மலை. காங்கயத்துக்குப் பக்கத்தில் 496 படிகள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை குழு போய் இறங்கியது. கட்டுரைக்காரரின் காலில் 9,000 ரூபாய் ஷூ: பாறை வழுக்காது, சேறு ஒட்டாது, அடியில் ஆட்டுக்குளம்பு மாதிரி முள் முள்ளாக ரப்பர். படிக்கட்டின் கீழே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "செருப்பை இங்க உட்டுட்டுப் போங்க." மூன்று மாதம் தேடி வாங்கிய ஷூ, இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. கட்டுரைக்காரர் வெறுங்காலோடு ஏறினார். முந்நூறாவது படியில் நின்று, இயற்கையை ரசிப்பவர் போல மூச்சு வாங்கினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும், மொட்டையடித்த அந்தக் குழந்தையின் பலூனும் அவரைத் தாண்டிப் போயின.

மேலே புகழ்பெற்ற 'ஆண்டவன் உத்தரவு'ப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்வார், சன்னதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். தண்ணீர், மண், தங்கம், மஞ்சள் என்று பலவும் இருந்திருக்கின்றன. வைத்த பொருளுக்கு நாட்டில் ஏற்றமோ இறக்கமோ வரும் என்பது நம்பிக்கை. ஏற்ற இறக்கத்தைப் பற்றி இத்தனை அக்கறையுள்ள மலையில், ஏறி இறங்குவதற்கென்றே வந்த தங்களைப் பற்றி உத்தரவு ஏதும் இல்லையே என்று ஆசிரியர் குறைப்பட்டார். பக்கத்தில் நின்றவர் திரும்பி, "என்ன வேண்டுதலுங்?" என்றார். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

வேண்டுதல் இல்லாமல் மலையேறினான் என்ற பேச்சு இந்த நாட்டிலேயே கிடையாது. சென்னிமலையில் 1,320 படிகள். 1984 பிப்ரவரி 12-ம் தேதி இரட்டை மாடு பூட்டிய வண்டி அந்தப் படிகளில் ஏறி மேலே போனதை இன்னும் அதிசயமாகச் சொல்கிறார்கள். எத்தனை நிமிடத்தில் ஏறியது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இருநூறு மீட்டர் ரேக்ளாவுக்கு நொடிக்கணக்கு எழுதி, அதற்குமேல் புள்ளி வைத்தும் எழுதுகிற கொங்கு மக்கள்தான், மலை என்று வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். குஜராத்தில் அப்படியில்லை. ஜுனாகத்தில் கிர்னார் மலைக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அசல் ஏறி-இறங்கும் போட்டியே நடக்கிறது. ஆண்களுக்கு அம்பாஜி கோயில் வரை 5,500 படி, பெண்களுக்கு 2,200 படி. முதலில் வருகிறவர்கள் அந்த 5,500-ஐயும் ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அங்கே போகலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. ரயில் டிக்கெட் வரைக்கும் பேசினார்கள். கட்டிங் மாஸ்டர் கணக்குப் போட்டு, சிவன்மலையைப்போல் பதினொரு மடங்கு என்றார். பேச்சு கோழித்தீவன விலைக்கு மாறியது.

கடைசியில் ஊதியூர். காங்கயம்–தாராபுரம் சாலையில் இருக்கிறது. 2023-ல் இந்த மலையில் சிறுத்தை நடமாடி, வனத்துறை கூண்டு வைத்து, கேமரா மாட்டி, காங்கயம் பக்கமே தூக்கமில்லாமல் கிடந்தது. அந்த மாதங்களில் குழு அணைக்கரையே போதும் என்றிருந்தது. பயம் அடங்கி வெகுநாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். படியேறினால் உத்தண்ட வேலாயுதசாமி கோயில். அதற்கு மேலே, கொங்கணச் சித்தர் தவமிருந்ததாகச் சொல்லும் இடத்துக்குக் கல்லும் முள்ளுமாக ஒரு தடம். பையன் கிடுகிடுவென்று போய்விட்டான். கட்டுரைக்காரர் கைகளை முழங்காலில் ஊன்றி ஊன்றி ஏறினார். இங்கிலாந்தில் பெரிய ஆட்களே இப்படித்தான் ஏறுவார்கள் என்று படித்திருந்ததால் அதில் ஒரு பெருமை.

பின்னால் வளையல் சத்தம். திரும்பினால் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். ஒரு கையில் தூக்குப்போசி, இன்னொரு கையில் எண்ணெய்ப் பாட்டில், முந்தானை இடுப்பில் செருகல். பெருமூச்சு இல்லை. "கொஞ்சம் ஒதுங்கு கண்ணு" என்று தாண்டினார். பார்வையாலேயே கொக்கை எரித்த கொங்கணரின் மலையாயிற்றே, கட்டுரைக்காரரும் ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மாள் எரியவில்லை. பத்தடி மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவர் வந்து சேரும்வரை காத்திருந்து, தூக்குப்போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்:

"என்ன கண்ணு வேண்டுதல்?"

மோர் குடித்த வாயால் 'சும்மாதான்' என்று சொல்ல வரவில்லை. நேரக்கணக்கு, தரப் பட்டியல், ஜாஸ் நெய்லர், எதையும் அந்த வெயிலில் எடுக்க முடியாது. "முட்டிவலிங்க ஆத்தா" என்றார். அந்தம்மாளின் முகம் அப்படியே இளகியது. "அட சாமி, அதோடயா இத்தன தூரம் ஏறுன? போ, ரெண்டு மாசத்துல செரியாப்போகும்" என்று எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தேய்த்துக்கொள்ளச் சொன்னார். தேய்த்துக்கொண்டார். இரண்டு முட்டியும் அன்று கல்லுமாதிரி இருந்தன.

மலையோட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் இறக்கத்தில்தான் என்று படித்திருந்தார். இறங்கும்போது உடம்பு முழுவதையும் ஒவ்வொரு எட்டிலும் பிடித்து நிறுத்த வேண்டியது தொடை. நீண்டுகொண்டே இறுக வேண்டும். பழக்கமில்லாத தசைக்கு அது ஆகாது. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறிய ஆட்களும் மூங்கில் தடியைக் கடைசிவரை விடாமல் இருப்பது அதனால்தான். கட்டுரைக்காரரிடம் தடி இல்லை, கையில் எண்ணெய் இருந்தது. பாதித் தடத்தில் வலது முட்டியில் 'கிளுக்' என்று ஏதோ சொல்லியது. அடிவாரத்துக்கு வந்தபோது, கட்டிங் மாஸ்டர் ஒரு தோள், காவலர் தேர்வுப் பையன் ஒரு தோள். அந்தப் பையனுக்கும் ஏழு நிமிடத்துக்குள் முடியாத முதல் வேலை அது.

வீட்டில் மனைவி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் வைத்துக்கொண்டே நடந்ததைக் கேட்டார். ஆத்தாவிடம் சொன்ன பொய் வரைக்கும் வந்ததும் கை நின்றுவிட்டது.

"முட்டி வலிக்குதுன்னா சொன்னீங்க? மலையில நின்னுக்கிட்டா?"

"ஆமா."

"குண்டடத்துல பொறந்துட்டு?"

கட்டுரைக்காரருக்கு அப்போதுதான் மூட்டை அவிழ்ந்தது. தேய்பிறை அஷ்டமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வடுகநாதருக்கு மிளகு வாங்கிப் படைத்துவிடுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனார்.

"மிளகு கால் கிலோங்க."

கடைக்காரர் அவர் நிற்கிற நிலையை ஒருமுறை பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"வெல எக்கச்சக்கமா ஏறிக்கெடக்குதுங். பயறு வேணா போட்டுடட்டுங்களா?"