கேளுங்கள், சொல்கிறோம்: உளவும் நாடாளுமன்றமும்

கே: எங்கள் எம்.பி.யைத் தேடி உளவுத் துறை ஆட்கள் வருவார்களா?
(வாசகர், சித்தூர்)

ப: வருவார்கள். ‘நாளைக் கூட்டத்துக்கு எவ்வளவு பேர் சேருவார்கள் சார்?’ என்று கேட்க. பதில் சொல்ல வருவது அமெரிக்க வழக்கம். 1975-இல் செனட்டின் சர்ச் கமிட்டி சி.ஐ.ஏ.வைக் குடைந்தெடுத்த பிறகு, உளவுத் துறையைக் கண்காணிக்க செனட்டுக்கு 1976-லும் கீழ்ச்சபைக்கு 1977-லும் நிரந்தரக் குழுக்கள் வந்தன. இவர்களுக்குப் பதில் சொல்வதற்கென்றே சி.ஐ.ஏ.வில் தனி அலுவலகம் இருக்கிறது.

கே: இங்கே அப்படி யாரும் முயலவில்லையா?
(கல்லூரி மாணவி, திருப்பதி)

ப: 2010-இல் குடியரசுத் துணைத்தலைவர் ஹமீத் அன்சாரி, வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ தன் முதல் தலைவர் காவ் நினைவாக நடத்தும் உரையிலேயே, உளவுத் துறைக்கு நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்றார். 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி அதற்கென்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2012-இல் மந்திரியானார். மந்திரிக்குத் தனிநபர் மசோதா கிடையாது. பதவி வந்தது, மசோதா போனது!

கே: ஐ.பி., ரா எந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன?
(வாசகர், காளஹஸ்தி)

ப: உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி. 1887-இலும் ரா 1968-இலும் அரசு உத்தரவில் பிறந்தவை. உருவாக்க நாடாளுமன்றச் சட்டம் இல்லை. ஆனால் ஊழியர்கள் சங்கம் அமைக்கவோ, அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதவோ கூடாது என்பதற்கு 1985-இல் சட்டம் போட்டார்கள். பிறக்கச் சட்டம் வேண்டாம், வாயைக் கட்டத்தான் வேண்டும்.

கே: இதில் எங்கள் ஊருக்குப் பங்குண்டா?
(வாசகி, திருச்சானூர்)

ப: நிறைய! உங்கள் ஊரில் 1891-இல் பிறந்த அனந்தசயனம் அய்யங்கார்தான் மக்களவையின் முதல் துணை சபாநாயகர். 1956-இல் சபாநாயகரும் ஆனார். 1950-இல் தொடங்கிய மதிப்பீட்டுக் குழுவின் முதல் தலைவரும் அவரே. அரசின் செலவை எம்.பி.க்கள் உட்கார்ந்து அலசும் பழக்கம் அப்படி வேர்விட்டது. இன்று ஐ.பி.க்கான தொகை உள்துறைக் கணக்கில் ஒரு வரியாகவாவது தெரிகிறது. ராவின் வாசலில் மட்டும் அந்தப் பழக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறது.

கே: கண்காணிப்புக் குழு இருந்திருந்தால் 2003 அக்டோபர் 1 அலிபிரி குண்டுவெடிப்பைத் தடுத்திருக்குமா?
(வாசகர், நகரி)

ப: தடுத்திருக்காது. அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு சென்ற பாதையில் கண்ணிவெடி இருப்பதை மோப்பம் பிடிப்பது எம்.பி.க்களின் வேலையல்ல. ‘எங்கே கோட்டை விட்டீர்கள்?’ என்று பிறகு கேட்பதுதான் அவர்கள் வேலை. கார்கில் போருக்குப் பின் அரசு அமைத்த கே. சுப்பிரமணியம் குழு அதைக் கேட்டது. அறிக்கை 2000-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ரகசியம் என்று பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன.

கே: எம்.பி.க்களிடம் சொன்னால் ரகசியம் கசியாதா?
(வாசகர், புத்தூர்)

ப: பிரிட்டனில் 1994 முதல் இப்படி ஒரு குழு இருக்கிறது. உறுப்பினர்களையும் ரகசியக் காப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இங்கும் அதைச் செய்யலாமே! ரகசியத்தைக் காக்க வழி இருக்கும்போது, கேள்வியையே ஏன் தடுக்க வேண்டும்?

கே: இந்தப் பகுதியை உளவுத் துறை படிக்குமா?
(வாசகர், பலமநேர்)

ப: தாராளமாகப் படிக்கலாம். கேள்வி அனுப்பத்தான் மேலிட அனுமதி வேண்டும்!