அண்டை வீட்டாருக்கான பாகம்

ஓடாத கருவியை ஓடவைத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று மெக்கானிக்கும், ஓடுகிற கருவியைப் பற்றிக் கேள்வி கேட்பது அபசகுனம் என்று அதன் சொந்தக்காரரும் ஏகமனதாகக் கருதிவரும் இந்நாட்டில், ரிப்பேராகித் திரும்பும் சாதனங்களால் மூன்றாவது மனிதனுக்கு நேரும் உபத்திரவத்தை விசாரிப்பார் இல்லை. அந்த மூன்றாவது மனிதன், வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரோடும் வீதிக்குச் சற்றுத் தள்ளி, சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் வசித்துக்கொண்டு, 1215 கிலோஹெர்ட்ஸில் புதுச்சேரி வானொலி கேட்பதை நித்திய கர்மமாகக் கொண்டிருந்த அடியேன்.

அண்டை வீட்டு டி.வி. குணமாகி வந்த மாலை முதல், மத்திய அலையில் முள்ளை எங்கே நகர்த்தினாலும், தகர டப்பாவில் வண்டுகளை அடைத்தாற்போன்ற ரீங்காரமே கேட்டது. விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் மருந்து தெளிக்கச் சொன்னார்களா, தெளிக்கக் கூடாது என்றார்களா என்பதை வண்டுகளே தின்றுவிட்டன.

முதலில் என் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். பேட்டரியில் ஓடிய டிரான்சிஸ்டர் முன்போலவே இரைந்ததால், என் குடும்பம் நிரபராதி என்று தீர்ந்தது. பிறகு ரேடியோவை மெல்லச் சுழற்றினேன். அதன் வயிற்றிலுள்ள ஃபெரைட் தண்டின் முனை எத்திசையை நோக்கும்போது இரைச்சல் ஒடுங்குகிறதோ, அத்திசையிலோ அதற்கு நேர் எதிரிலோ குற்றவாளி இருக்கக்கூடும் என்பது சாஸ்திரம். தண்டு பொதுச்சுவரைக் காட்டியது. அவர்கள் டி.வி.யை நிறுத்தினால் அமைதி, போட்டால் வண்டு.

மிகுந்த பிரயத்தனத்தின்பேரில் அந்தப் பெட்டியின் முதுகைத் திறக்கச் செய்தேன். பவர் போர்டில், மின்சாரம் நுழையும் வாசலில் காவல் இருக்க வேண்டிய ஃபில்டர் காயிலைக் காணோம். அது நின்ற இடத்தில் இரண்டு ஜம்பர் கம்பிகள், சுற்றிலும் கருகிய பிசின். மஞ்சள் நிறக் கண்டென்சருக்கு இரண்டு துளைகள் மாத்திரம் மிச்சம். நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டும் அந்த போர்டின் கூச்சல், தடுப்பாரின்றித் தெருக் கம்பிக்கு ஏறி, அதையே ஆன்டெனாவாக்கிக்கொண்டிருந்தது.

1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைக் கடந்து சமிக்ஞை அனுப்பியதாகச் சொல்லப்படுவதும் மின்பொறி எழுப்பிய இத்தகைய கூச்சலால்தான் என்பதும், அத்தகைய மின்பொறிக் கருவிகள் எல்லார் அலைவரிசையிலும் ஏறி மிதித்தமையால் சர்வதேச உடன்படிக்கைகளால் பின்னர் விலக்கப்பட்டன என்பதும் நினைவுக்கு வந்தன. விலக்கப்பட்ட வித்தையை எங்கள் மெக்கானிக் எழுபது ரூபாய்க்குள் புதுப்பித்திருந்தார்.

"அது இல்லாமலே ஓடுதே சார்!" என்றார் அவர். உண்மை, அந்தக் காயிலால் சொந்தக்காரருக்குப் பிரத்தியட்ச லாபம் எதுவும் தெரிவதில்லை. அது பெரும்பாலும் அடுத்த வீட்டாருக்காகவே இருக்கும் பாகம். ஆகையால் கழற்றினால் காணாமல் போனதாக அடுத்த வீட்டார்தான் உணர்வார்கள். செத்த போர்டு ஒன்றிலிருந்து காயில், கண்டென்சர் இரண்டையும் எடுத்து ஈயம் வைப்பித்து, கூலியையும் நானே கொடுத்தேன்.

மறுநாள் என் ரேடியோ தெள்ளத் தெளிவாகப் பேசத் தொடங்கிய அரை மணிக்குள், அண்டை வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் சின்னதா வைங்க சார். உங்க ரேடியோ சத்தத்துல எங்க டி.வி. ஒண்ணும் கேக்கல!"