பெட்டியோடு படகேறலாமா?

கேள்வி: அண்ணை, மகள் படித்துக்கொண்டிருக்கேக்க கொம்பியூட்டர் திரை திடீரென்று கறுத்துப்போச்சு. உள்ளே காற்றாடி சுற்றுது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் படகேறவா?
– ஒரு தாய், நெடுந்தீவு

பதில்: பொறுங்கோ தங்கச்சி! அந்தக் கடற்குலுக்கலில் நல்ல பெட்டியும் நோயாளியாகிவிடும். காற்றாடி சுற்றுதெண்டால் உயிர் இருக்கு. மகளின் குறிப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். திரை இருண்டதால் அவை அழியாது.

முதலில் மொனிற்றர் வயரைக் கழற்றி இறுக்கிப் பூட்டுங்கோ. ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் மொனிற்றர் சுகம், வருத்தம் பெரும்பாலும் பெட்டிக்குத்தான். ஒன்றுமே வராவிட்டால் ரோர்ச்சைத் திரையில் சரித்துப் பிடியுங்கோ. மங்கலாய்ப் படம் தெரிந்தால் பின்விளக்குப் போய்விட்டது. அது கடை வேலை.

பெட்டியென்றால், தீவுகளில் என் முதல் சந்தேகம் உப்புக்காற்றில்தான். தகரக் கூரையைத் தின்கிற காற்று, றாம் என்கிற நினைவகப் பலகையின் இணைப்புகளை விட்டுவைக்குமா? பிளக்கைக் கழற்றுங்கோ. பவர் பொத்தானைப் பத்து விநாடி அமத்திப் பிடியுங்கோ. பெட்டியின் மூடியைத் திறந்து, அதன் இரும்பைத் தொட்டுவிட்டு றாமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைச் சுத்தமான அழிறப்பரால் மெல்லத் தேயுங்கோ. தூளைத் துடைத்துவிட்டு, ‘கிளிக்’ கேட்கும்வரை திருப்பி அமத்துங்கோ. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய, காற்று மின்சாரம் தர 2024 மார்ச்சில் இந்திய மானியத்தில் ஒப்பந்தமானது. எந்தக் கரண்ட் வந்தாலும் ஒரு யூபிஎஸ் வாங்கிவையுங்கோ. ஏற்ற இறக்கத்தை அது தாங்கும்.

றாமைத் துடைத்துப் பூட்டியும் திரை வராவிட்டால், போடேக்க பெட்டி எத்தனை தரம் ‘பீப்’ அடிக்குதென்று எண்ணி, கடைக்குப் போனில் சொல்லுங்கோ. பெட்டி வீட்டில் இருக்கட்டும், முதலில் ‘பீப்’ படகேறட்டும்!