ஞாயிற்றுக்கிழமை மானுக்கு விடுமுறையா?

கேள்வி: அமெரிக்க மாநிலம் ஒன்றில் வேட்டை மசோதா எவ்வாறு சட்டமாகிறது?

பதில்: மானைச் சுட ஒரு நொடி போதும், எந்தக் கிழமையில் சுடலாம் என்று சட்டமியற்ற ஆண்டுகள் ஆகும். பென்சில்வேனியாவில், ஓய்வுநாளின் புனிதத்தைக் காக்கப் பிறந்த 'நீலச் சட்டங்கள்' என்னும் பழைய கட்டுப்பாடுகளின் எச்சமாக ஞாயிறு வேட்டைத் தடை நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. நரி, கொயோட்டி, காகம் ஆகியவற்றைச் சுட மட்டும் தடையில்லை என்பதால், அப்புனிதம் காகத்தின் கூடுவரை எட்டவில்லை.

உறுப்பினர் ஒருவர் கொணரும் மசோதா, அதாவது சட்ட முன்வரைவு, முதலில் துறைக் குழுவுக்குச் செல்கிறது. பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. பிழைத்தது, 203 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையிலும் 50 பேர் கொண்ட செனட்டிலும் தலா மூன்று வெவ்வேறு நாட்களில் பரிசீலிக்கப்பட்டு, இரண்டிலும் ஒரே வாசகத்தில் நிறைவேறி ஆளுநரை அடைகிறது. அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவை நடைபெறும் காலத்தில் 10 நாட்களுக்குள் அவர் கையெழுத்திடாமலும் மறுக்காமலும் இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடுவதால், கோப்பை உறங்கவைக்கும் கலை அங்கு வளரவில்லை. அவர் மறுத்தாலும், ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து அம்மறுப்பை முறியடிக்கலாம்.

இவ்வழியே 2019 நவம்பரில் வந்த சட்டத்தால் ஆண்டுக்கு மூன்றே மூன்று ஞாயிறுகள் கிடைத்தன. அந்த ஞாயிறுகளிலும், தனியார் நிலமெனில் உரிமையாளரின் எழுத்துவழி அனுமதி தேவைப்பட்டது. 2025 ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷப்பீரோ கையெழுத்திட்ட சட்டம் தடையை நீக்கி, எந்தெந்த ஞாயிறு என்று குறிக்கும் பொறுப்பை மாநில வேட்டை ஆணையத்திடம் ஒப்படைத்தது.