வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழியும் காலம்: ஓர் ஆய்வு

இலங்கை மலைநாட்டின் கோப்பியை 1869இல் தாக்கிய பூஞ்சையை ஆராய்ந்தார்கள். பிறகு மலையை மூடிய தேயிலையை ஆராய்ந்தார்கள். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவையும் விடவில்லை. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காயை எப்போது பிழிவது என்ற வினாவுக்கு மட்டும் அறிஞர் உலகம் உரிய மதிப்பைத் தரவில்லை. இவ்வாய்வு நிறுவப் புகுவது ஒன்றே: தேசிக்காய் கடைசியில் பிழியப்பட வேண்டும். கடைசி என்பது சோறு கோப்பையில் விழுந்த பின் என்க.

முதற் சான்று நீர். நறுக்கிய இலையில் உப்பும் புளிப்பும் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே இறங்குகிறது. இலை துவண்டு, சட்டியடியில் சாறு தேங்குகிறது. முந்தி வருவோருக்குப் புளிப்பில்லாத இலையும் பிந்தி வருவோருக்கு இலையில்லாத புளிப்பும் வாய்க்கின்றன. மொனராகலை போன்ற வெயில் நிலத்தில் காய்த்து லொறியில் மலையேறிய பழத்துக்கு இது தகாத முடிவு. இரண்டாம் சான்று நிறம். பச்சையத்தின் நடுவே மக்னீசியம் இருக்கிறது. அமிலம் அதை மெல்ல வெளியேற்ற, பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது.

நறுக்கிய அப்பிளில் தேசிச்சாறு தடவினால் நிறம் மாறாதே என்பாரும் உளர். அங்கே நிறத்தை மாற்றுவது நொதியம். புளிப்பு அதை அடக்குகிறது. உருளையில் கசக்கிய தேயிலைக் கொழுந்து செம்பு நிறமாவதும் நொதியத்தின் வேலையே என்பது தொழிற்சாலை அருகில் வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டாதது. பச்சையத்துக்கோ அதே புளிப்பு பகை. வெங்காயத்தின் காரம் அடங்க வேண்டுமே எனின், வெங்காயத்தை மட்டும் உப்போடும் சிறிது சாறோடும் முன்னரே பிசறி வைக்கலாம். இவ்விதிவிலக்கை ஆய்வு ஏற்கிறது. விடியலில் சமைத்து, தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடி, நண்பகலில் மலையில் உண்பவருக்குக் கடைசி ஏது என்பதே வலிய ஆட்சேபம். ரொட்டியோடும் சம்பலோடும் பாதித் தேசிக்காயைத் தனியே சுற்றிக் கொடுப்பதே அதற்கு விடை.

வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே என்பாருக்கு ஒரு கேள்வி: அப்படியானால் ஒரே கொழுந்தை பி.ஓ.பி., டஸ்ட் என்ற தரங்களாகச் சலித்து வெவ்வேறு விலைக்கு விற்பானேன்? ஆகவே நறுக்கிய வல்லாரை, பிசறிய வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, ஈற்றில் தேசிக்காய். இவ்வரிசையை மாற்றுவோர் சம்பலைக் குறை சொல்லும் உரிமையை இழக்கிறார்கள்.